அனைத்தையும் மாற்று

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். கெட்டிலில் தண்ணீர் வைத்தான். அது கொதிப்பதற்குள் முகம் மழித்துக்கொண்டான். ரொட்டி இரண்டு துண்டு, நின்றபடியே. தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். குப்பைப் பையைக் கட்டி வெளியே வைத்தான். துணியை இயந்திரத்தில் போட்டு ஓடவிட்டான். நான்கு மாதமாக இதே வரிசைதான். வரிசை இருந்தால் அடுத்தது என்ன என்று யோசிக்க வேண்டியதில்லை.

ஆறரைக்குச் சமையலறை மேசையில் மெய்ப்புக் கட்டுடன் உட்கார்ந்தான். இருநூற்று எண்பது பக்கம். மேலே பதிப்பாளரின் கையெழுத்தில் ஒரு சீட்டு: "இறுதிப் படி. மேலோட்டமாகப் பார்த்தால் போதும். பத்து மணிக்கு வந்து கையெழுத்து. பன்னிரண்டுக்கு அச்சகம்."

மேலோட்டமாகப் பார்க்க அவனுக்கு வராது. லிப்ட் ஆய்வு செய்து சான்றிதழ் கொடுப்பது அவன் தொழில். கயிற்றைத் தொட்டுப் பார்த்து, மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, நடுவழியில் நிறுத்திப் பார்த்து, அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறப்பான். "எல்லாம் சரியா இருக்கு, சும்மா போடுங்க சார்" என்று சொல்லும் கட்டட மேலாளர்களை அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சீட்டிலும் அதே வாடை அடித்தது.

புத்தகம் அவன் மனைவி மொழிபெயர்த்தது. ஆறு வருட உழைப்பு. ஜனநாயகத்தையும் தனிமனித உரிமையையும் பற்றி ஒரு தத்துவ ஆசிரியர் எழுதியது. கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வந்து, இதே மேசையில், இதே விளக்கடியில் உட்கார்ந்து செய்தாள். தத்துவ ஆசிரியரை அவள் "என் ஆளு" என்பாள். "என் ஆளு இன்னிக்கு என்ன சொல்றார் தெரியுமா" என்று ஆரம்பிப்பாள். "கட்டினவன் இங்க உக்காந்திருக்கேன், உன் ஆளப் பத்தி என்கிட்டயே பேசுறியா" என்று இவன் சொல்வான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். ஆறு வருடத்தில் ஒரு பக்கம்கூட அவன் படித்ததில்லை. காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்தபோது, ரத்தத்தில் தொற்று என்றார்கள். ஆறாவது நாள் அவள் இல்லை. அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தான்.

எதிர்பார்த்த அளவுக்கு மோசமாக இல்லை. அவள் ஆள் சொல்வது ஒன்றும் சுற்றிவளைத்ததாகத் தெரியவில்லை. மனிதர்கள் எல்லோரும் சமம் என்று முதலில் நிரூபித்துவிட்டு அப்புறம்தான் ஜனநாயகம் நடத்த வேண்டும் என்பதில்லை. நடத்திப் பார், எங்கே வலிக்கிறதோ அங்கே திருத்து, மறுபடி நடத்து என்கிறார். லிப்டைப் பற்றிச் சொன்னாலும் இதைத்தான் சொல்ல வேண்டும்.

நாற்பத்தோராம் பக்கத்தில், ஒரு கூட்டத்தில் மக்கள் "சுதந்திரமாகக் கைதட்டினார்கள்" என்று இருந்தது. இருக்கட்டும் என்று விட்டான். ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் மழை சுதந்திரமாகப் பெய்திருந்தது. எழுபத்துமூன்றில் ஒருவர் குழம்பில் உப்பைச் சுதந்திரமாக அள்ளிப் போட்டுவிட்டு வருந்தினார்.

பென்சிலைக் கீழே வைத்தான்.

அவள் கை இப்படி எழுதாது. பழைய கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தான். உப்பைத் தாராளமாக அள்ளிப் போட்டிருந்தார் அந்த மனிதர். மழையும் தாராளமாகத்தான் பெய்திருந்தது. என்ன நடந்திருக்கிறது என்று புரிந்தபோது அவனுக்கு எரிச்சலில் காது சூடானது.

இரண்டு மாதத்துக்கு முன் அவளுடைய வாசிப்பு வட்டம் கூடி ஒரு முடிவெடுத்தது. புத்தகத்தின் மையக் கொள்கைக்கு அவள் 'தாராளவாதம்' என்று பெயர் வைத்திருந்தாள். அது சந்தையைத் திறந்துவிடும் தாராளமயத்தை ஞாபகப்படுத்துகிறது, 'சுதந்திரவாதம்' என்று மாற்றிவிடலாம் என்றார் அவளுக்கு ஆசிரியராக இருந்த பேராசிரியர். கை தூக்கச் சொன்னார்கள். மூன்று கை உயர்ந்தது. இவனும் அங்கேதான் இருந்தான். எதிராகவும் தூக்கவில்லை, ஆதரவாகவும் தூக்கவில்லை. அந்த நாட்களில் அவன் எதற்கும் கையைத் தூக்குகிற நிலையில் இல்லை.

மாற்றியவர் கணினியில் மாற்றியிருக்கிறார். 'தாராள' என்று எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் 'சுதந்திர'. அறுபத்துமூன்று இடம்.

பன்னிரண்டாம் பக்கத்துக்குத் திரும்பினான். அங்கே அவள் ஓர் அடிக்குறிப்பு எழுதியிருந்தாள், தன் சொல் தேர்வைப் பற்றி. பிரதியில் அது இப்படி: "இந்த நூலின் மையச் சொல்லைச் சுதந்திரவாதம் என்று சொல்லாமல் தாராளவாதம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சுதந்திரம் நமக்குக் கிடைக்க வேண்டியது. தாராளம் நாம் கொடுக்க வேண்டியது."

மெய்ப்பில் இப்படி: "இந்த நூலின் மையச் சொல்லைச் சுதந்திரவாதம் என்று சொல்லாமல் சுதந்திரவாதம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சுதந்திரம் நமக்குக் கிடைக்க வேண்டியது. சுதந்திரம் நாம் கொடுக்க வேண்டியது."

நன்றியுரையில், "சுதந்திரமாக நேரம் கொடுத்த என் கணவருக்கு" என்று இருந்தது. இவன் ஏதோ விவாகரத்து கொடுத்த மாதிரி.

எல்லாவற்றையும் வட்டமிட்டுவிட்டு, கடைசியாக முன்னுரைக்குப் போனான். பேராசிரியர் எழுதியது, இந்தப் படியில்தான் முதல்முறையாகச் சேர்ந்திருந்தது. மூன்றாம் பக்கத்தின் முடிவில் ஒரு பத்தி:

"மறைவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் அவர் சொன்ன கடைசி வார்த்தைகள் இவை: உரையாடலை நிறுத்திவிடாதீர்கள்."

இரண்டு தடவை படித்தான். அன்று அந்த மருத்துவமனை அறையில் அவனைத் தவிர வேறு யாரும் இல்லை. வீட்டில் அவள் ஒருநாளும் 'நிறுத்திவிடாதீர்கள்' என்று பேசியதில்லை. சண்டை வந்தால் மட்டும் அவனுக்கு மரியாதைப் பன்மை கிடைக்கும். அப்போதும் "போதும், வாயை மூடுங்க" என்கிற அளவில்தான்.

அவள் சொல்லாத ஒன்றை அவள் வாயில் வைத்து, அதற்கு இவன் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். பத்து மணிக்கு.

*

பதிப்பகம் ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில். லிப்டில் மாட்டியிருந்த சான்றிதழ் காலாவதியாகிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. படியேறினான்.

அறையில் பாதியைப் புத்தகக் கட்டுகள் பிடித்திருந்தன. மீதிப் பாதியில் ஒரு கணினி, நான்கு நாற்காலி, மூன்று பேர். பதிப்பாளர் கணினிக்கு முன்னால். பக்க அமைப்பு, விற்பனை, பெருக்கித் துடைப்பது எல்லாம் அவர் ஒருவர்தான். ஜன்னலோரம் பேராசிரியர். ஓர் ஓரமாக, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி அவளுடைய அக்கா. இவனுக்கும் அவர் அக்காதான். அவருக்கு இவன் தம்பி.

"வாங்க, வாங்க" என்றார் பதிப்பாளர். "எங்க போடணும்னு பென்சில்ல புள்ளி வச்சிருக்கேன். பேனா வேணுமா?"

"அண்ணே, உப்பை எப்படிண்ணே சுதந்திரமா போடுறது?"

"எந்த உப்பு?"

எழுபத்துமூன்றாம் பக்கத்தை அவர் முன் வைத்தான். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"கணினியில என்ன செஞ்சீங்க?" என்று கேட்டான் இவன்.

"'அனைத்தையும் மாற்று'ன்னு ஒண்ணு இருக்கு, அதை அமுக்கினேன். பின்ன, இருநூத்தி எண்பது பக்கத்தையும் ஒண்ணொண்ணா மாத்த நான் என்ன தவமா இருக்கேன்?"

பன்னிரண்டாம் பக்கத்தைக் கொடுத்தான். அதைப் பேராசிரியர் வாங்கிக்கொண்டார். அடிக்குறிப்பைப் படிக்கும்போது அவர் வாய் லேசாகக் கோணியது. சிரிப்பா, வலியா என்று சொல்ல முடியவில்லை.

"இது... தன்னோடயே சண்டை போடுது" என்றார்.

"அவளை வச்சே அவளைத் திட்டின மாதிரி இருக்கு சார்."

"சரி, இது தொழில்நுட்பக் கோளாறு. ஆனா சொல் மாத்தினது வட்டத்தோட முடிவு. நீங்களும் இருந்தீங்க."

"இருந்தேன்."

"மறுக்கலையே."

"ஒத்துக்கவும் இல்லையே சார்."

"அப்படி நடுவுல ஒண்ணு இருக்கா என்ன?" என்றார் பேராசிரியர், வகுப்பில் கேட்பதுபோல. "பேச வேண்டிய நேரத்துல பேசணும். நம்ம ஆசிரியர் என்ன சொல்றார்? உண்மைன்னு ஒண்ணு நமக்காக எங்கயோ வெளியில காத்துக்கிட்டு நிக்கல. பயமில்லாம பேசி, கடைசியில எதுல வந்து நிக்கிறோமோ அதுக்கு மேல நமக்கு வேற அளவுகோல் கிடையாது. நாம பேசினோம். வந்து நின்னோம்."

இவனுக்கு மண்டை காய்ந்தது. அவள் இருந்தால் இந்த மனிதருக்குப் பதில் சொல்லியிருப்பாள். ஆறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து காதை மூடிக்கொண்டிருந்ததற்கு இப்போது படுகிறான்.

"சொல்லை விடுங்க சார். சொல்லு உங்க எல்லாருக்கும் பொது. தாராளமோ சுதந்திரமோ, படிக்கிறவங்க எதை எடுத்துக்கிறாங்களோ எடுத்துக்கட்டும். நான் கேக்க வந்தது இது." முன்னுரையின் மூன்றாம் பக்கத்தை மேசையில் போட்டான். "இதுக்கும் ஓட்டுப் போட்டீங்களா?"

பதிப்பாளர் மேலே சுற்றும் மின்விசிறியை ஆராய்ந்தார்.

"ஓட்டுன்னு சொல்ல முடியாது" என்றார் ஒருவழியாக. "பேசிக்கிட்டோம்."

"அந்த ரூம்ல நான் ஒருத்தன்தான் இருந்தேன். என்கிட்ட யாரு பேசினீங்க?"

"உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு நினைச்சோம்" என்றார் பேராசிரியர். "அப்புறம், அந்த வரி எவ்வளவு பொருத்தமா இருக்கு பாருங்க. புத்தகமே அதைத்தான் சொல்லுது. பேச்சை நிறுத்தினா ஜனநாயகம் செத்துடும்னு."

"சார், நான் லிப்ட் பாக்கிறவன். பிரேக் பிடிக்குதான்னு அந்தக் கட்டடத்துல இருக்கிற எல்லாக் குடும்பமும் கூடிக் கை தூக்கினா, பிரேக் பிடிச்சிடுமா?"

"பிரேக் பிடிக்கும்னு நீங்க எப்படித் தெரிஞ்சுக்கிறீங்க? ஓட்டிப் பார்த்துத்தானே? அதைத்தானே அவரும் சொல்றார். ஒரு நம்பிக்கையை ஓட்டிப் பாரு, வேலை செஞ்சா வச்சுக்கோ. இந்த வரியை ஓட்டிப் பாருங்க. படிக்கிறவனுக்குத் தெம்பு குடுக்குதா? குடுக்குது."

இப்படி ஒரு மனிதரோடு எப்படித்தான் மல்லுக்கட்டுவது. எந்தப் பக்கம் போனாலும் கதவு அவர் பக்கமே திறக்கிறது. இவன் மெய்ப்புக் கட்டைப் புரட்டினான். காலையில் ஒரு பத்தியில் பென்சில் கோடு போட்டிருந்தான். பிழை இல்லாத இடத்தில் போட்ட ஒரே கோடு. நூற்று எண்பத்தேழாம் பக்கம். சத்தமாகப் படிக்க அவனுக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்கிப் படித்தான்.

"'அடிப்பதும் சிறையில் அடைப்பதும்தான் கொடுமை என்று நினைக்கிறோம். ஒருவர் தன்னைத் தானே விவரித்துக்கொள்ளும் சொற்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நம்முடைய பெரிய சொற்களால் அவரை விவரிப்பதும் கொடுமைதான். அடிவாங்கியவருக்குக் கத்தவாவது முடியும். இவருக்குக் கத்துவதற்கான சொல்லும் மிஞ்சுவதில்லை.'"

நிறுத்தினான். "இது உங்க ஆசிரியர் சொன்னதுதானே சார்? இல்ல, இதையும் நடுவுல யாராவது மாத்திட்டாங்களா?"

பேராசிரியர் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். அந்தப் பத்தியை அவர் வருடத்துக்கு ஒருமுறையாவது பாடம் நடத்துகிறவர்.

"அது உயிரோட இருக்கிறவங்களைப் பத்தி" என்றார். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். சொன்னது அவர் காதுக்கே நன்றாக ஒலிக்கவில்லை போலிருக்கிறது.

"அவரைக் கேக்காத தம்பி" என்றார் அக்கா. அதுவரை வாயே திறக்காமல் இருந்தவர். "நான்தான் சொன்னேன்."

இவன் திரும்பினான்.

"அவ கடைசியா இதைத்தான் சொன்னான்னு நான்தான் அவர்கிட்ட சொன்னேன். வீட்டுக்கு வந்த எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"நீங்க அங்க இல்லையேக்கா."

"இல்லதான். நாப்பது நிமிஷம் பிந்தி வந்தேன். வராந்தாவுல உன்னைக் கேட்டேன், என்ன சொன்னா, ஏதாவது சொன்னாளான்னு. நீ சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்ன. மறுநாள் கேட்டேன். காரியம் முடிஞ்சு கேட்டேன். ஒவ்வொரு தடவையும் சுவத்தையே பாத்த. வர்றவங்க எல்லாம் என்னைக் கேக்கிறாங்க. கூடப்பிறந்தவ நான், எனக்குத் தெரியலைன்னு எப்படிச் சொல்றது? ஏதோ ஒண்ணு வாயில வந்துச்சு. சொல்லிட்டேன். நாலு பேர்கிட்ட சொன்னப்புறம் எனக்கே அது நடந்த மாதிரி ஆயிடுச்சு."

"முழுக்கப் பொய் இல்ல" என்றார் பேராசிரியர் மெதுவாக. "முந்தின நாள் போன்ல என்கிட்ட பேசினா. 'நான் இல்லைன்னு வியாழக்கிழமை வட்டத்தை நிறுத்திடாதீங்க சார்'னு சொன்னா. அதை நான் இவங்ககிட்ட சொல்லியிருந்தேன்."

"வட்டத்தை நிறுத்திடாதீங்கன்னா சொன்னா?"

"ஆமா."

"அது எப்ப சார் உரையாடலாச்சு?"

பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார். "எழுதும்போது" என்றார்.

பதிப்பாளர் தொண்டையைச் செருமினார். அவருக்குப் பன்னிரண்டு மணி கவலை. "ஒரு யோசனை. அந்தப் பத்தியையே தூக்கிடலாம். வட்டத்தைப் பத்தி போன்ல சொன்னதை, போன்ல சொன்னதாவே போடலாம். அடிக்குறிப்பு என்ன பண்றதுன்னுதான் தெரியல. சுதந்திரத்தை எல்லாம் திருப்பித் தாராளமா மாத்திடலாம்னு பாத்தா, நிஜமாவே சுதந்திரமா இருந்த சுதந்திரமும் தாராளமாயிடும். முதல் அத்தியாயத்துல ஒரு நாடு தாராளம் வாங்கிடும்."

பேராசிரியர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, "அவ அடிக்குறிப்பு அப்படியே இருக்கட்டும். அவ வார்த்தையும் இருக்கட்டும்" என்றார். "அது வேண்டாம்னு நான் ஏன் நினைச்சேன்னு முன்னுரையில எழுதிக்கிறேன். படிக்கிறவங்க ரெண்டு பக்கத்தையும் பாத்துக்கட்டும். ஒருத்தரையாவது கேக்காம விட்டா அது பேச்சே இல்லைன்னு அவ எனக்கே ஒரு தடவை எழுதியிருக்கா. நான் அவளுக்குப் பரீட்சை வச்ச காலத்துல."

"அப்ப ஒண்ணொண்ணாத்தான் மாத்தணும்" என்றார் பதிப்பாளர்.

"அறுபத்துமூணு இடம். நான் குறிச்சு வச்சிருக்கேன்" என்றான் இவன். "நான் சொல்றேன், நீங்க மாத்துங்க."

"இன்னிக்கு அச்சகத்துக்குப் போகாது."

"போக வேண்டாம்."

பதிப்பாளர் பெருமூச்சு விட்டு அச்சகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். யாரிடமோ கெஞ்சினார், யாரையோ குற்றம் சொன்னார், கடைசியில் அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பேராசிரியர் முன்னுரையின் மூன்றாம் பக்கத்தை எடுத்து அந்தப் பத்தியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். நேராக வரவில்லை. ஓரத்தில் தன் கையெழுத்தைச் சுருக்கிப் போட்டுவிட்டு, இவன் பக்கம் நகர்த்தினார். இவன் பார்த்தான். அதன் கீழே தானும் போட்டான். அன்றைக்கு அவன் போட்ட ஒரே கையெழுத்து அதுதான்.

முதல் இருபது இடம் முடிய ஒரு மணி நேரம் பிடித்தது. இவன் பக்க எண்ணைச் சொல்ல, பதிப்பாளர் இரண்டு விரலால் தட்டினார். மழை மறுபடி தாராளமாகப் பெய்தது. பேராசிரியர் வகுப்பு இருக்கிறது என்று கிளம்பினார். பதிப்பாளர் தேநீர் வாங்கி வருகிறேன் என்று பிளாஸ்கை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அக்கா மட்டும் போகவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு இவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"புத்தகத்துல போட வேண்டாம். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் சொல்லு."

"ஒண்ணும் இல்லக்கா. சின்ன விஷயம்."

"சின்னதா இருந்தா என்ன? நீயும் சாரைப் போலத்தானா? பெருசா இருந்தாத்தான் சொல்லுவியா?"

இவனுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில், யார்மேல் என்று தெரியாமல் நின்றது. நான்கு மாதமாக அதை அவன் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தான். அவளுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள், படித்தவள், பேச்சாளி, எழுத்தாளி என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள். அவர்கள் நடுவில் அதைச் சொன்னால் அவள் குறைந்துபோவாள் என்று நினைத்தான். அவள் சார்பாக இவன் வெட்கப்பட்டிருக்கிறான். அவளைக் கேட்காமல்.

"காலையில ஏழு மணி" என்றான். "ரெண்டு நாளா நான் வீட்டுக்குப் போகல. பாத்ரூம்ல முகம் கழுவி உடுப்பு மாத்திட்டு வந்தேன். அவ முழிச்சிருந்தா. நல்லாத்தான் இருந்தா, அப்படித்தான் தெரிஞ்சுது. நர்ஸ்கூட இன்னிக்குப் பரவாயில்லைன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் கட்டில் பக்கத்துல நின்னேன். என்னை மேலயிருந்து கீழ வரைக்கும் பாத்தா. பரீட்சைத் தாள் திருத்துறப்போ பாப்பாளே, அந்தப் பார்வை. அலுத்துக்கிட்டா. அப்புறம் சொன்னா."

அக்கா காத்திருந்தார். கைப்பையை விட்டுவிட்டிருந்தார்.

"'சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்க. எல்லாத்தையும் கழட்டிட்டு, முதல்ல இருந்து ஒழுங்கா போடு.'"